முகிலுக்கு அயலே ஒரு மாநகர்

உலகின் தலைநகரங்களுட் பல கடலோரத்திலோ ஆற்றங்கரையிலோ அமைந்திருக்க, தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டின் லா பாஸ் மாநகரோ முகிலுக்கு அயலிலே அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 3,600 மீற்றர். அரசியற் சட்டப்படி தலைநகர் சூக்ரே என்னும் வேறொரு நகரமாயினும், அரசாங்கம் நடைபெறுவது லா பாஸிலேயே. 1548ஆம் ஆண்டில் ஸ்பானியர் நிறுவிய இந்நகரின் பெயருக்கு 'அமைதி' என்பது பொருள். விடுமுறையில் இந்நகரைச் சுற்றிப் பார்க்கச் சென்ற நாம், கண்ட காட்சிகளினும் மேலாக, உடன் பயணஞ் செய்தோரையே மனத்திற் கொண்டு மீண்டோம்.

கொக்கா இலைத் தேநீர்

லா பாஸுக்குரிய விமான நிலையம், அந்நகருக்கு மேலேயுள்ள எல் அல்டோ என்னும் நகரில், 4,000 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழ்நோக்கின், பெரியதொரு கிண்ணத்தின் உட்புறச் சுவர்களிற் செங்கல் வீடுகளை ஒட்டி வைத்தாற்போல லா பாஸ் தோன்றும். அப்பால் 6,438 மீற்றர் உயர்ந்த இல்லிமானி மலை பனிமுடி தரித்து நிற்கும்.

இவ்வுயரத்திற் காற்று ஐதானது. புதிதாக வருவோர்க்குத் தலைவலியும் மூச்சிளைப்பும் உண்டாதல் இயல்பு. மெல்ல நடத்தல், அளவோடு உண்ணல், கொக்கா இலையிட்ட வெந்நீரைப் பருகல் ஆகியனவே அவ்வூரார் கூறும் பரிகாரம். நாம் தங்கிய விடுதியிற் பல நாட்டினரையும் ஒன்று கூட்டியது அக்கொக்காத் தேநீரே. ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்த ஆசிரியத் தம்பதியரும் ஜெர்மன் மாணவர் ஒருவரும் எம்முடன் ஒரே மேசையில் அமர்ந்தனர். மொழி முற்றாக விளங்காவிடினும், "தலைவலி எப்படி?" என்ற விசாரணை எல்லோர்க்கும் விளங்கிற்று. மறுநாள் நால்வருஞ் சேர்ந்தே ஊர் பார்க்கப் புறப்பட்டோம்.

வலமும் இடமும்

சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் கல்முகப்பில், கிறிஸ்தவச் சின்னங்களுடன் அந்நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணத்தில் இலையும் கனியும் பறவையும் கலந்து விளங்குகின்றன. அதன் அயலிலுள்ள 'மந்திரக்காரியர் சந்தை'யில் உலர்ந்த லாமாக் கருக்கள் விலைக்குத் தொங்குகின்றன. பச்சமாமா எனப்படும் பூமித்தாய்க்குக் காணிக்கையாக, புதுமனை கட்டுவோர் அவற்றை அத்திவாரத்தின் கீழ்ப் புதைப்பர். முரில்லோ சதுக்கத்திலுள்ள பாராளுமன்றக் கட்டிடத்தின் கடிகாரமோ, 2014இல் இடஞ்சுழியாக ஓடும்படி மாற்றப்பட்டது. தென்திசை நாட்டார் தம் வழியிற் சிந்திக்கட்டும் என்பதே அதன் கருத்தாம்.

முழங்காலோடு முழங்கால்

ஆயினும், இந்நகரின் உயிர்நிலை ஆகாயத்திற் செல்லும் கேபிள் கார் சேவையே. 2014ஆம் ஆண்டிற் சிவப்பு, மஞ்சள், பச்சை என நாட்டுக் கொடியின் நிறங்களைப் பெயராகக் கொண்ட மூன்று பாதைகள் முதலில் திறக்கப்பட்டன. பின்னர் அவை பத்தாகப் பெருகி, மொத்த நீளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றராயிற்று. முன்பு சிறு பஸ் வண்டிகளில் நெருக்குண்டு, வளைந்து வளைந்து ஏறிய மலைச்சரிவை இப்போது சில நிமிடங்களிற் கடக்கலாம். ஒரு பெட்டியிற் பத்துப்பேர் எதிரெதிரே அமர்வர். உள்ளே வருபவர் முன்பின் அறியாதோருக்கும் காலை வணக்கங் கூறியே அமர்வதைக் கண்டோம்.

இவ்வணக்கத்தின் அருமையை அறிய, சிறிது சரித்திரம் வேண்டும். இந்நகரில் வசதியுள்ளோர் குளிர் குறைந்த தாழ்பகுதியில் வாழ்கின்றனர். ஐமாரா இனத்தவரான உழைப்பாளிகள் பெரும்பாலும் மேற்சரிவுகளிலும் எல் அல்டோவிலும் வாழ்கின்றனர். 1952ஆம் ஆண்டுப் புரட்சி வரை எழுத்தறியாதோர்க்கு வாக்குரிமை இல்லை. ஆகவே பழங்குடி மக்களுட் பெரும்பாலோர் வாக்கற்றிருந்தனர். 2003 ஒக்டோபரில், இயற்கை வாயுவின் ஏற்றுமதியை எதிர்த்து எல் அல்டோ மக்கள் வீதிகளை மறித்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. ஜனாதிபதி பதவி துறந்தார். மேலூருக்கும் கீழூருக்கும் இடையே இருந்தது வெறும் மலைச்சரிவு அன்று.

நாம் சிவப்புப் பாதையில் ஏறிச் செல்லுங்கால், ஜெர்மன் மாணவர் கீழேயுள்ள வீட்டு முற்றங்களை இடைவிடாது படம் பிடித்தார். உலரும் துணிகள், கோழிக் கூடுகள், குளிக்கும் குழந்தை, யாவும் அவர் கமெராவில் அடங்கின. எதிரே வட்டத் தொப்பியும் மடிப்புப் பாவாடையும் அணிந்த மூதாட்டி ஒருவர், மடியிற் பொதியுடன் அமர்ந்திருந்தார். அவர் கண்ணாடியூடே விரல் நீட்டி ஏதோ கூறினார். ஆசிரியை மொழிபெயர்த்தார்: "அதோ, நீலக் கதவு தெரிகிறதா, மகனே? அது என் தங்கை வீடு."

மாணவர் கமெராவை மடியில் வைத்தார். சற்றுப் பொறுத்து, "தங்கைக்கு எத்தனை பிள்ளைகள்?" என வினவினார். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. ஐந்து பிள்ளைகளின் வரலாறும் முடியுமுன் மேல்நிலையம் வந்துவிட்டது. அன்று ஞாயிறு. வியாழனும் ஞாயிறுங் கூடும் எல் அல்டோப் பெருஞ்சந்தையிற் கம்பளி விற்கச் சென்ற அவரது பொதியை, மாணவரே தூக்கிச் சென்றார்.

வேற்றூர் காணச் செல்வோர், தம்மைப்போற் சுற்றிப் பார்க்க வந்தோரையே சகபயணிகள் எனக் கருதுதல் வழக்கம். வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் நாள்தோறுஞ் செல்லும் அவ்வூர் மக்களே நமது முதற் சகபயணிகள். அவர்களது முற்றம் நமக்குக் காட்சி, அவர்களுக்கோ வாழ்க்கை. பிறநாடு செல்ல விரும்பும் மாணவர்கள், பெட்டியிற் கமெராவை வைக்குமுன், அந்நாட்டு மொழியில் ஒரு வணக்கத்தையும் ஒரு நலவிசாரிப்பையும் கற்றுக் கொள்வார்களாக.