உறைகுளிரில் உயிரணுக்கள்

வடசென்னையின் காத்திவாக்கத்துக்கு வடக்கே, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பாலுள்ள காமராசர் துறைமுகத்தில் 2019-இல் திறக்கப்பட்ட முனையம், கப்பலில் வரும் இயற்கை எரிவாயுவை ஏறத்தாழ மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் திரவமாகவே தேக்கி வைக்கிறது. அதனினும் குளிர்ந்த, மைனஸ் 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் உயிரணுக்களைப் பல்லாண்டுகள் காக்கலாம். மாட்டுக்குச் 'சினை ஊசி' போடும் கால்நடை மருந்தகங்களில் இது அன்றாட நடைமுறை. ஊட்டி, ஓசூர், ஈச்சங்கோட்டை நிலையங்களில் கால் மில்லி லிட்டர் குச்சிகளில் அடைக்கப்படும் உறைவிந்து, திரவ நைட்ரஜன் கலன்களில் ஊர்களுக்குச் சென்று, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் உருக்கப்பட்டுச் செலுத்தப்படுகிறது.

அக்குளிரில் வேதிவினைகள் அநேகமாக நின்றுவிடுவதால் உயிரணு மூப்படைவதில்லை. அதற்கு ஆபத்தெல்லாம் போகும்போதும் திரும்பும்போதும், மைனஸ் 15-க்கும் மைனஸ் 60-க்கும் இடைப்பட்ட வெப்பநிலையைக் கடக்கையில்தான். மெதுவாகக் குளிர்வித்தால் வெளியிலுள்ள நீர் முதலில் பனிக்கட்டியாகி, எஞ்சிய நீரில் உப்பு செறிந்து, உப்பிட்ட கருவாட்டைப் போல உயிரணு நீரை இழந்து சுருங்குகிறது. விரைந்து குளிர்வித்தாலோ, நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே படிகமாகிச் சவ்வைச் சிதைக்கிறது.

இவ்விரண்டுக்கும் இடையே வழிகாட்டியது கிளிசரால் என்னும், சோப்புத் தொழிலின் உபபொருளான, மலிவான திரவம். 1949-இல் இலண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜும் உடன் ஆய்வாளர்களும் சேவலின் விந்தணுக்களை உறையவைத்து மீட்டபோது, பழச்சர்க்கரை என்று சீட்டு ஒட்டியிருந்த புட்டியில் உண்மையில் கிளிசரால் இருந்ததே அந்த வெற்றிக்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. உயிரணுவுக்குள் புகுந்து, நீர் மூலக்கூறுகள் படிகமாக அணிவகுப்பதைத் தடுத்து, உப்புச் செறிவையும் தணிக்கும் இத்தகைய பொருள்கள் உறைகாப்பிகள் எனப்படுகின்றன. அவையும் அளவு மீறினால் நஞ்சே.

தனி உயிரணுக்களுக்குக் கைகொடுக்கும் இம்முறை மனிதரின் முழு உறுப்புகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை. வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையில் பொருத்தப்படும் கல்லீரலும், உறையவைக்கப்படாமல், ஏறத்தாழ 4 டிகிரியில் சில மணி நேரம் மட்டுமே பாதுகாக்கப்படுகிறது. ஓர் உறுப்பிலுள்ள பலவகை உயிரணுக்கள் வெவ்வேறு வேகத்தில் நீரை விடுவதால் ஒரே குளிர்விப்பு வேகம் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. உருக்கும்போது விளிம்பு முந்தி, நடுப்பகுதி பிந்தினால் உறுப்பே விரிசலுறும். நீரைப் படிகமாக விடாமல் கண்ணாடிபோல் இறுகச்செய்யும் முறையில் எலியின் சிறுநீரகங்களை 100 நாள் வரை வைத்திருந்து, அவற்றில் செலுத்திய இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப்புலத்தால் சூடேற்றிச் சீராக உருக்கி, மீண்டும் பொருத்திய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. எலியின் சிறுநீரகம் ஓரிரு கிராம். மனிதனுடையதோ 100 கிராமுக்கு மேல்.