காட்டுக்குக் காவல் நின்ற குடியானவர்கள்

மலையில் காடு இருந்தால் வயலில் தண்ணீர் இருக்கும். உழவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காட்டை வெட்டுகிறவர் பெரும் பணக்காரர், வாய்க்காலில் தண்ணீர் வராமல் தவிக்கிறவர் இரண்டு ஏக்கர்காரர் என்றால் என்ன செய்வது? பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிறு உழவர்கள் இந்தக் கேள்விக்குக் கண்ட விடையை இங்கே காண்போம்.

பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். 1900-ஆம் ஆண்டு வாக்கில் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் காடாக இருந்தது. 1980-களின் இறுதியில் அது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கம்பெனிகள் அரசிடம் உரிமம் பெற்று வெட்டிய மரங்கள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறின.

தெற்கே உள்ள மிண்டனாவோ தீவில் புக்கிட்னோன் என்று ஒரு மாகாணம். மலைகள் சூழ்ந்த மேட்டு நிலம். நெல், மக்காச்சோளம், கரும்பு, அன்னாசி ஆகியவை இங்கு விளைகின்றன. புலாங்கி ஆறு இம்மாகாணத்தின் வழியாகத்தான் தாழ்நிலங்களுக்கு இறங்குகிறது. ஆகவே இங்குள்ள காட்டை வெட்டினால் அதன் பலனை அனுபவிக்க வேண்டியவர்கள் வெகுதூரம் தள்ளி இருக்கும் உழவர்களும்தான்.

மரம் போனால் மண்ணும் போகும்

காட்டில் பெய்யும் மழை முதலில் இலைகளில் விழுகிறது. பிறகு தரையில் கிடக்கும் சருகில் இறங்கி, வேர்கள் பிளந்த மண்ணுக்குள் ஊறுகிறது. அந்த ஊற்றுதான் மழை நின்ற பின்னும் ஓடையை ஓடவைக்கிறது. மரத்தை வெட்டி, லாரி போக மலைச்சரிவில் பாதையும் போட்டுவிட்டால் மழைநீர் நிற்காமல் ஓடும். மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறட்சி, வாய்க்கால் நிறைய மணல் என்று மூன்று கேடுகள் ஒருசேர வரும். இம்மாகாணத்தில் மராமாக் என்ற ஊரில் 1980-களின் நடுவில் புலாங்கி ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். மேலேயிருந்து அடித்துவந்த வண்டல் படிந்து அதன் நீர்த்தேக்கம் தூர்ந்துகொண்டே வந்தது.

லாரியை மறித்த பங்கு மக்கள்

இதே மாகாணத்தில் சான் பெர்னாண்டோ என்ற ஊரின் உழவர்கள் தங்கள் வயலிலேயே இக்கேட்டைக் கண்டார்கள். அங்கே தேவாலயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சிறு சிறு குழுக்களாக அமைந்திருந்தன. கூடியிருந்து பைபிள் வாசிப்பது, அதைத் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசுவது இக்குழுக்களின் வழக்கம். பேச்சு தண்ணீரைப் பற்றித் திரும்பியது. தண்ணீரைப் பற்றிப் பேசினால் காட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

1987-ஆம் ஆண்டு ஆண்களும் பெண்களுமாகச் சாலையில் திரண்டு, மரம் ஏற்றிவந்த லாரிகளை மறித்தார்கள். மறியல் செய்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடியானவர்கள். மறுநாள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்தவர்கள். மறியலோடு நிற்காமல், தங்களில் சிலரைத் தலைநகர் மணிலாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அங்கே அரசின் சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

1988 ஜனவரியில் நாட்டின் கத்தோலிக்க ஆயர்கள் எல்லோரும் சேர்ந்து காடு, மண், ஆறு, கடல் ஆகியவற்றின் அழிவு குறித்து மக்களுக்கு ஒரு சுற்றுமடல் எழுதினார்கள். இயற்கையைக் காப்பதும் சமயக் கடமையே என்று அவர்கள் பகிரங்கமாகச் சொன்னது போராடிய உழவர்களுக்குப் பெரும் துணையாயிற்று.

கையில் கிடைத்த அதிகாரம்

மறியலால் ஒருநாள் லாரியை நிறுத்தலாம். இரவில் வரும் லாரியை என்ன செய்வது? சட்டப்படி பிடிக்க அதிகாரம் வேண்டும். மலாய்பலாய் மறைமாவட்டத்தின் ஆயராக அப்போது இருந்த கௌடென்சியோ ரொசாலெஸ் இதை நன்கு உணர்ந்தவர். பாதிரியார்களும் வனக்காவலர்களாக அரசால் நியமிக்கப்படுவதற்கு அவர் வழிசெய்தார். திருட்டு மரத்தைக் கண்டால் நிறுத்தவும் பறிமுதல் செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் கிடைத்தது.

அப்படி நியமனம் பெற்றவர்களில் ஒருவர் நேரி சாட்டூர் என்ற இளம் பாதிரியார். அதே மண்ணில் பணிசெய்தவர். திருட்டு மரங்களைத் தயங்காமல் பிடித்தார். 1991 அக்டோபர் 14-ஆம் தேதி, ஒரு கிராமத்தில் திருப்பலி முடித்துத் திரும்பும் வழியில் அவரை மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள்.

அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 5-ஆம் தேதி லெய்ட்டே தீவில் புயல் மழை கொட்டியது. மரமற்ற மலைகளிலிருந்து இறங்கிய வெள்ளம் ஓர்மோக் நகரில் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. பாதிரியார் எதற்காக உயிரைக் கொடுத்தார் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அன்று விளங்கியது.

2011 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நாடு முழுவதும் நிறுத்திவைத்து உத்தரவிட்டது. சான் பெர்னாண்டோ மறியல் நடந்து 24 ஆண்டுகள் கழித்து வந்த உத்தரவு இது. அதற்குள் போன காடு போனதுதான். மலையை விட்டு இறங்கிய மண்ணை எந்த உத்தரவும் திரும்ப ஏற்றாது.

நாம் கவனிக்க வேண்டியது

இந்த உழவர்கள் மூன்று காரியங்களைச் செய்தார்கள். வயலில் கண்ட குறைக்குக் காரணம் மலையில் இருக்கிறது என்பதைக் கூடிப்பேசிக் கண்டுகொண்டார்கள். தனியாளாகப் போகாமல், ஏற்கனவே தங்களை ஒன்றாக வைத்திருந்த கோயில் குழுவாகவே போனார்கள். கோபத்தோடு நின்றுவிடாமல் சட்டத்தின் துணையையும் கேட்டார்கள்.

கடைமடையில் நிலம் வைத்திருப்பவருக்குத் தலைமடையைப் பற்றிய கவலை எப்போதும் உண்டு. அந்தத் தலைமடைக்கும் மேலே ஒரு காடு இருக்கிறது. அதையும் தன் வயலின் ஒரு பகுதியாக எண்ணுகிற உழவரே தண்ணீருக்கு உண்மையான காவல்காரர்.