உங்களுக்குத் தெரியுமா? லூபஸும் ஆயுளும்

1950களில் லூபஸ் (நோய் எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் நோய்) கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் 1941இல் தந்தையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். 1964இல், 39 வயதில், தாமும் அதற்கே பலியானார்.

இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 100க்கு 90 பேரோ அதற்கு மேலோ பத்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். ஸ்டீராய்டும் டயாலிசிஸும் கைகொடுத்தன. ஆனால் அதிகம் பேசப்படாத புண்ணியவான், மலேரியா மருந்தாக வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான். (இதை உட்கொள்பவர்கள் கண் பரிசோதனையை மட்டும் தவறவிடக் கூடாது.)

சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ஆபத்து கூடும். தொடக்க ஆண்டுகளில் அச்சுறுத்துவது நோயின் சீற்றமும் தொற்றும், பிற்காலத்தில் மாரடைப்பு. டொராண்டோ மருத்துவர் முர்ரே யூரோவிட்ஸ் குழு 1976லேயே இதைக் காட்டியது. ஆகவே புகைபிடிப்பதை விடுவதும், ரத்த அழுத்தத்தைக் கவனிப்பதும் லூபஸ் சிகிச்சையில் சேர்த்திதான்.