எண்ணும்போதே மாறும் பட்டியல்

திருப்பதியில் 1940-ஆம் ஆண்டிலே பிறந்து, வீட்டை விட்டு நகராமலே வாழ்ந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் பிறந்தது சென்னை மாகாணத்தில். 1953 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அவர் ஆந்திர ராஜ்யத்தவர். 1956-இல் ஆந்திரப் பிரதேசத்தவர். அதுவரையிலும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் சித்தூர் ஜில்லாவாசியாகவே இருந்தவர், 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி ஜில்லாவாசியாகி விட்டார். சித்தூர் ஜில்லாவும் பழமையானதன்று. வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்தெடுத்து, 1911 ஏப்ரல் முதல் தேதி அமைக்கப்பட்டதே அது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்ததைத் தமிழர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை.

இந்த மாற்றங்களின் நியாய அநியாயம் இங்கே நமக்குப் பொருளன்று. பட்டியல் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை எண்ணிச் செல்லும்போது, பாதி வழியிலே அந்தப் பட்டியலே மாறினால் என்ன நேரும் என்பதே நம் கேள்வி. கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகும் இளைஞர் எவரும் முதல் சில மாதங்களுக்குள் இதனை எதிர்கொள்வர். எதிர்கொண்டதை அறியாமலே கடந்து போகிறவர்களும் உண்டு. அவர்கள் பாடுதான் கஷ்டம்.

பழைய சித்தூர் ஜில்லாவின் ஊர்களில் ஆறினை மட்டும் எடுத்துக்கொள்வோம். சித்தூர், திருப்பதி, சந்திரகிரி, பலமநேர், காளஹஸ்தி, குப்பம் என்பது வரிசை. இவற்றுள் திருப்பதி, சந்திரகிரி, காளஹஸ்தி ஆகிய மூன்றும் 2022-இல் புதிய ஜில்லாவுக்குச் சென்றன. “ஒவ்வோர் ஊராகப் பார், புதிய ஜில்லாவுக்கு உரியதாயின் நீக்கு” என்று கணிப்பொறிக்குக் கட்டளையிடுகிறோம். கட்டளையில் குற்றம் எதுவும் தெரியவில்லை. ஆயினும் இயந்திரம் ஊரின் பெயரை நினைவில் வைத்து நடப்பதில்லை. எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம் என்பதை மட்டுமே அது அறியும். கணிப்பொறி பூஜ்யத்திலிருந்து எண்ணுவது வழக்கம். எளிமைக்காக நாம் ஒன்றிலிருந்து எண்ணுவோம்.

முதலிடத்தில் சித்தூர், அது இருக்கலாம். இரண்டாமிடத்தில் திருப்பதி, அதை நீக்குகிறது. திருமலையில் தரிசனத்துக்கு நிற்கும் வரிசையிலிருந்து ஒருவர் விலகினால், பின்னால் நிற்போர் ஓரடி முன்னே வருவர் அல்லவா? அவ்வாறே மூன்றாமிடத்திலிருந்த சந்திரகிரி இரண்டாமிடத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் இயந்திரமோ இரண்டாமிடத்தை முடித்தாயிற்று என்று மூன்றாமிடத்துக்குப் போகிறது. அங்கே இப்போது நிற்பது பலமநேர். சந்திரகிரியை அது பார்க்கவே இல்லை! பலமநேர் இருக்கலாம் என்று விட்டு நான்காமிடத்தில் காளஹஸ்தியைக் கண்டு நீக்குகிறது. குப்பம் நான்காமிடத்துக்கு நகர்கிறது. ஐந்தாமிடத்தில் யாரும் இல்லை. வேலை முடிந்தது என்று இயந்திரம் நிற்கிறது.

மிஞ்சிய பட்டியலைப் பார்ப்போம்: சித்தூர், சந்திரகிரி, பலமநேர், குப்பம். பிற்கால விஜயநகர அரசர்கள் தலைநகராகக் கொண்டிருந்த சந்திரகிரி, உரிய ஜில்லாவுக்குப் போகாமல் பழைய ஜில்லாவிலேயே தங்கிவிட்டது. குப்பமும் பார்க்கப்படவில்லை. அது நீக்கப்பட வேண்டாத ஊராக இருந்தமையால் விடை சரியாக அமைந்தது; அவ்வளவே. இத்தகைய அதிர்ஷ்டம்தான் நிரல் எழுதுவோரை ஏமாற்றுகிறது. நீக்க வேண்டிய இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வராத வரை இந்த நிரல் சரியான விடையையே தந்துகொண்டிருக்கும். சோதனையில் தேறிய நிரலை நம்பி, பின்னொரு நாள் ஆயிரக்கணக்கான பெயர்களை அதனிடம் ஒப்படைப்போம்.

நீக்குவதற்குப் பதிலாகச் சேர்த்தாலும் தொல்லையே. பார்க்கும் பெயருக்கு முன்னால் ஒன்றைச் செருகினால், பார்த்த பெயரே அடுத்த இடத்துக்குத் தள்ளப்பட்டு மீண்டும் எதிரே வரும். ஒவ்வொரு பெயருக்கும் கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனால், பட்டியலின் கடைசி நமக்கு எட்டாமலே விலகிச் செல்லும். நினைவகம் நிரம்பும் வரை இயந்திரம் ஓயாது.

எல்லா நிரல்மொழிகளும் இவ்விஷயத்தில் ஒரேபோல நடந்துகொள்வதில்லை. பைதான் மொழி, பட்டியலைப் பொறுத்தவரை வாய் திறவாமல் பெயரைத் தவறவிடும். அதே மொழி, சொல்லுக்குப் பொருள் என்பதுபோல் இணை இணையாகச் சேமிக்கும் அகராதி அமைப்பில், நடுவழியில் அளவு மாறிவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். ஜாவா மொழியிலே பட்டியல் தான் எத்தனை முறை திருத்தப்பட்டது என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். எண்ணத் தொடங்கியபோது இருந்த கணக்கும் இப்போதுள்ள கணக்கும் ஒவ்வாவிடில் பிழை என்று அறிவிக்கும். அந்தக் காவலையும் முற்றும் நம்புவதற்கில்லை. கடைசிக்கு முந்தின பெயரை மட்டும் நீக்கினால், எண்ணிக்கை முடிந்துவிட்டதாக மயங்கி, காவலன் சரிபார்க்குமுன்பே வேலை நின்றுவிடும். கூச்சலிட்டு நிற்கும் நிரலே, மௌனமாகத் தவறு செய்யும் நிரலை விட நமக்கு நண்பன் என்பது நம் கருத்து.

பரிகாரம் கடினமன்று. பட்டியலைப் பிரதி எடுத்து வைத்து, பிரதியைப் பார்த்து எண்ணி, மூலத்தில் நீக்கலாம். இருக்க வேண்டியவற்றை மட்டும் புதிய பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலோர் விரும்புவது இதுவே. கடைசியிலிருந்து முன்னோக்கி வருவதும் உண்டு. நம் ஆறு ஊர்களையும் குப்பத்திலிருந்து தொடங்கிப் பார்த்தால், காளஹஸ்தியை நீக்கும்போது இடம் நகர்வது குப்பம் ஒன்றே. அதை முன்னமே பார்த்தாயிற்று. சந்திரகிரியும் தப்பாது.

கணிப்பொறி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, மனிதரை எண்ணுவோர் இத்தொல்லையை அறிந்திருந்தனர். ஒரு கிராமம் கணக்கெடுப்பின் நடுவே ஒரு ஜில்லாவிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், இங்குள்ளோர் அங்கே எண்ணுவார்கள் என்றும், அங்குள்ளோர் இங்கே எண்ணியிருப்பார்கள் என்றும் விட்டுவிடக் கூடும்; அல்லது இருவருமே எண்ணிவிடக் கூடும். ஆகையால் மக்கள் தொகைக் கணக்கு முடியும் வரை ஜில்லா, தாலூகா, கிராம எல்லைகளை மாற்றலாகாது என்று விதி இருக்கிறது. சித்தூரின் வரலாறு இதனோடு ஒத்துப்போகிறது. 1911-ஆம் ஆண்டின் கணக்கு மார்ச் 10-ஆம் தேதி எடுக்கப்பட்டது. புதிய ஜில்லா பிறந்தது மூன்று வாரம் கழித்து. திருத்தணி மாறியது 1961-ஆம் ஆண்டின் கணக்குக்குப் பதினொரு மாதம் முன்பு. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு தொற்றுநோயினால் தள்ளிப்போய், எல்லைகளை நிறுத்தி வைக்கும் நாளும் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. அந்த இடைவெளியில்தான் திருப்பதி ஜில்லா தோன்றியது. அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் முதல் தேதி நள்ளிரவு குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கென எல்லைகளுக்கு 2025 டிசம்பர் 31-ஆம் தேதி கெடு வைக்கப்பட்டது.

எல்லையை நிறுத்தலாம், மனிதரை நிறுத்த இயலுமா? பிறப்பும் இறப்பும் இடமாற்றமும் ஒரு நாளும் ஓய்வதில்லை. 2011-ஆம் ஆண்டு இதற்குச் செய்த ஏற்பாடு அழகானது. பிப்ரவரி 9 முதல் 28 வரை ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். வீடற்றோரை 28-ஆம் தேதி இரவில் எண்ணினர். ஆயினும் கணக்கு எந்த நேரத்துக்குரியது என்றால், மார்ச் முதல் தேதி தொடங்கும் நள்ளிரவுக்கு. எனவே மார்ச் 1 முதல் 5 வரை மீண்டும் ஒரு சுற்று வந்தனர். தாங்கள் முன்பு வந்துபோன நாளுக்கும் அந்த நள்ளிரவுக்கும் இடையே பிறந்த குழந்தையைச் சேர்த்தனர், இறந்தவரை நீக்கினர். புதிதாக வந்திருப்போரிடம், வேறெங்கேனும் எண்ணப்பட்டீர்களா என்று கேட்டனர்.

இந்த ஒரு கேள்வி வெளிராஜ்யங்களில் வாழும் நமக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வேலூரில் பிப்ரவரி 20-ஆம் தேதி இன்னும் எண்ணப்படாதிருந்த தொழிலாளி ஒருவர், 21-ஆம் தேதி திருப்பதியில் வேலைக்கு வந்து சேர்கிறார் என்று கொள்வோம். அவர் குடிவந்த வீட்டை ஊழியர் 15-ஆம் தேதியே பார்த்து முடித்துவிட்டார். மறு சுற்று இல்லையெனில் அவர் இரு ஊர்க் கணக்கிலும் இரார். சந்திரகிரியின் நிலைதான் அவருக்கும்.

வாக்காளர் பட்டியலுக்கும் இவ்வகை ஏற்பாடு ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, வேட்பாளர்கள் மனுத்தாக்கல் செய்யும் கடைசி நாள் கழிந்தபின், தேர்தல் முடியும் வரை அத்தொகுதியின் பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. சென்னையிலிருந்து திருப்பதிக்குக் குடிபெயர்ந்தவர் விண்ணப்பத்தை அதற்குப் பின் கொடுத்தால், அந்தத் தேர்தலில் அவருக்குத் திருப்பதியில் வாக்கு இராது. பட்டியல் மீண்டும் திறக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.