மரப்பன்னம் ஒன்றின் வாழ்வும் இடரும்

பன்னத்தின் இலையை வரைக எனின், பலவாறு பிரிந்த சிற்றிலைகளையே மாணவர் வரைவர். அவ்விலக்கணத்துக்கு அடங்காத மரப்பன்னம் ஒன்று இலங்கையின் ஈரவலயத் தாழ்நிலக் காடுகளில் உண்டு. உலகில் வேறெங்கும் அது இயற்கையாய் வளர்வதில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹூக்கர், கிறெவில் என்னும் தாவரவியலறிஞர் இதனை விவரித்தனர். அல்சோபிலா சினுவாற்றா என்பது இதன் இன்றைய விஞ்ஞானப் பெயர்.

மரப்பன்னங்கள் பல, பனைபோல் நெடிதுயர்ந்து நிற்பன. இதுவோ ஏறத்தாழ 1 மீற்றர் உயரமே வளரும். தண்டு விரற் பருமனினும் மிகாது. அதன் உச்சியில் நாடாப்போன்ற பிரிவற்ற இலைகள் சூழ்ந்து நிற்கும். அவை 60 முதல் 90 சதமமீற்றர் வரை நீளமுடையன; அகலம் சில சதமமீற்றரே. இலைவிளிம்பு அலைபோல் நெளிந்திருத்தலின் 'சினுவாற்றா' எனப் பெயர் பெற்றது.

இத்தாவரத்துக்கு நேரக்கூடிய இடர் யாது என்பதை அதன் வாழ்க்கை வட்டமே உணர்த்தும். பன்னத்துக்குப் பூவுமில்லை, வித்துமில்லை. இலையின் கீழ்ப்புறத்துத் தோன்றும் நுண்ணிய வித்திகள் காற்றிற் பரந்து, ஈரமண்ணில் விழுந்து, சிறு புணரித்தாவரமாய் முளைக்கும். அதிலுள்ள ஆண்புணரி நீரில் நீந்தியே பெண்புணரியை அடைதல் வேண்டும். மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இல்லையெனின் புதுப்பன்னம் பிறவாது. ஆகவே, இப்பன்னத்தை எவரும் வெட்ட வேண்டுவதில்லை. மேலே நிழல்தரும் பெருமரங்களை வெட்டினாற் போதும். வெயில் நிலத்தை உலர்த்த, வளர்ந்த செடிகள் சிலகாலம் நிலைப்பினும் அவற்றின் சந்ததி தோன்றாதொழியும்.

இஃது வெறுங் கற்பனை அன்று. ஈரவலயக் காடுகளிற் பெரும்பகுதி தேயிலைக்கும் இறப்பருக்கும் குடியேற்றத்துக்கும் இடங்கொடுத்து மறைந்தது. எஞ்சிய சிங்கராசாக் காட்டிலும் 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரந் தறிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. மரப்பன்னங்களின் பன்னாட்டு வணிகத்தையும் உடன்படிக்கையொன்று கட்டுப்படுத்துகின்றது. ஆயினும், நிழலையும் ஈரத்தையும் எந்த உடன்படிக்கையும் தாராது, காடே தரும்.

யானையும் சிறுத்தையும் அழிவதெனின் ஊர் அறியும். சிறியதொரு பன்னம் மறைவதை அறிவார் யார்? அதனைப் பெயர்சொல்லி அறிந்தவரே அறிவர். மாணவர்க்கு அப்பெயரைக் கற்பித்தல் ஆசிரியர் கடன். அது நிற்கும் காட்டைக் காத்தல் நம் அனைவர்க்கும் உரிய கடன்.