ஒன்றாய்ப் பூத்திராத பூக்கள்

நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மௌரிட்ஸ்ஹவுஸ் கலைக்கூடத்திலே, மரப்பலகையில் தீட்டப்பெற்ற பூச்சாடி ஓவியமொன்று உண்டு. 1618ஆம் ஆண்டளவில் அதனை வரைந்தவர் அம்புறோசியஸ் பொஸ்ஹார்ட். யன்னற் கட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணம்; அதில் ரியூலிப்பும் றோசாவும் பிறவும்; அருகே தூரக் கடல்களின் சங்கு, சிப்பிகள்; அப்பால் நீலம் படர்ந்த நிலப்பரப்பு.

இயற்கையை உள்ளவாறே பெயர்த்தெழுதிய ஓவியம் போல் இது தோன்றும். உண்மை வேறு. இளவேனிற் பூவும் கோடைப் பூவும் ஒரே நாளில் ஒரே சாடியில் வாடாது நிற்பதெங்ஙனம்? ஒவ்வொரு பூவையும் அதனதன் பருவத்திற் கண்டு தனித்தனியே வரைந்து வைத்து, பின்னர் அவற்றைக் கொண்டு கொத்தினைக் கட்டுவதே அக்கால ஓவியர் வழக்கம்.

திணைக்கொரு பூ வகுத்த மரபினர் நாம்; ஆதலின் பொருள் தேடுவோம். றோசா காதலுக்கும் கன்னி மரியாளுக்கும் உரியது. பூச்சி அரித்த இலை நிலையாமையைச் சுட்டும். ஆயினும் பூவுக்குப் பூ அகராதிபோற் பொருளுரைப்பதை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை.

வண்ணங்களுக்கும் வரலாறு உண்டு. வெண்ணிதழிற் செந்தீயெனப் படர்ந்த கோடுகளுக்காகவே ரியூலிப் பெருவிலை பெற்றது. அவ்வழகு ஒருவகை வைரஸ் நோயின் விளைவென்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. அக்கால ஓவியங்கள் பலவற்றில் இலைகள் இன்று நீலமாய்த் தெரிவதும் ஓவியர் கருத்தன்று; பச்சையிற் கலந்த மஞ்சட் சாயம் ஒளிபட்டு மங்க, நீலம் எஞ்சியது.

பொஸ்ஹார்ட் 1573இல் அன்ற்வேர்ப்பிற் பிறந்தவர். 1585இல் அந்நகர் ஸ்பானியப் படையிடம் வீழ, புரட்டஸ்தாந்தர் பல்லாயிரவர் வடக்கே பெயர்ந்தனர். சமயத்தின் பொருட்டு ஊர்விட்ட குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. மிடல்பேர்க் நகரிலே வளர்ந்து, அங்கேயே தொழில் நிறுத்தினார். 1621இல், ஆயிரம் கில்டர் விலைபேசிய பூ ஓவியமொன்றை ஒப்படைக்க ஹேக் சென்றவிடத்து உயிர் நீத்தார்.

அவர் பூக்களுள் முதன்மை பெற்ற ரியூலிப்பும் துருக்கியிலிருந்து வந்து வேர்கொண்டதே. வெவ்வேறு மண்ணும் பருவமும் கொண்டவை அச்சாடியில் மட்டுமே ஒன்றுகூடின. ஊர்கள் பலவற்றிலிருந்து வந்து, அந்நிய நகரொன்றின் வாடகை மண்டபத்தில் ஒன்றுகூடும் நமக்கு அச்சாடி புதிதன்று.