புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் குமிழி!

1949-ம் ஆண்டு தொடக்கம். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே ஒரு சிறு கட்டி தோன்றியது. பிப்ரவரி மாதம் ஆசிரமத்திலேயே அதை அறுத்து எடுத்தார்கள். சில வாரங்களில் கட்டி மறுபடியும் முளைத்தது!

சென்னையில் இருந்து டாக்டர்கள் விரைந்து வந்தார்கள். அது "சார்க்கோமா" என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. மீண்டும் ஆபரேஷன், ரேடியம் வைத்தியம். கையையே எடுத்துவிடலாம் என்றார்கள். மகரிஷி சம்மதிக்கவில்லை. மொத்தம் 4 ஆபரேஷன்கள் நடந்தன. 1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு அவர் மறைந்தார். வயது 70.

கட்டியை எடுத்த பிறகும் உடம்பில் நோய் மிச்சம் இருக்கிறதா? ரத்தத்தைப் பார்த்து அதைச் சொல்ல அன்று வழி இல்லை. இன்று விஞ்ஞானிகள் அந்த வழியைத் தேடுகிறார்கள்.

தூசி அல்ல, தபால்!

நம் உடம்பு கோடானுகோடி உயிர் அணுக்களால் ஆனது. இந்த அணுக்கள் சோப்பு நுரை போலக் குட்டிக் குட்டிக் குமிழிகளை வெளியே விடுகின்றன. குமிழி எவ்வளவு சிறியது? தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு!

1967-ல் பீட்டர் உல்ப் என்பவர் ரத்தத்தில் இவற்றைக் கண்டு "தூசி" என்றே எழுதினார். 1980-களில் கனடா நாட்டில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்ற அம்மையார் செம்மறி ஆட்டு ரத்தத்தை ஆராய்ந்தார். அணு தனக்கு வேண்டாததைக் குமிழியில் கட்டி வெளியே எறிகிறது என்று கண்டார். அதாவது, வீட்டுக் குப்பை! பிறகுதான் வெறும் குப்பை அல்ல என்று தெரிந்தது. ஓர் அணு மற்றோர் அணுவுக்கு அனுப்பும் செய்தியும் அதற்குள் இருக்கிறது.

புற்றுநோய் அணுவும் தபால் போடுகிறது. அது கள்ளத் தபால்! நோய் அடுத்துக் குடியேறப் போகும் இடத்தைக் குமிழிகள் முன்கூட்டியே பண்படுத்தி வைக்கின்றன. நுரையீரலுக்கு ஒரு விலாசம், ஈரலுக்கு ஒரு விலாசம் என்று குமிழியின் மேலேயே அடையாளம் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 2015-ல் எலிகளில் கண்டார்கள்.

வழியில் பிடிக்கலாமா?

அந்தத் தபாலை வழியில் பிடித்துப் படித்தால் நோயின் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? அமெரிக்காவில் ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு இப்படி ஒரு சோதனை வந்திருக்கிறது. கொஞ்சம் சிறுநீர் போதும். அதில் உள்ள குமிழிகளைப் பார்த்து, ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்கிறார்.

குமிழிக்குள் மருந்தை நிரப்பி, நோய் உள்ள இடத்துக்கே அனுப்பவும் ஆராய்ச்சி நடக்கிறது. கள்ளனின் வண்டியிலேயே போலீசை ஏற்றி அனுப்புவது போல! ஆனால் அது இன்னும் சோதனை அளவில்தான் இருக்கிறது. மகரிஷிக்கு வந்த சார்க்கோமாவுக்கும் குமிழிச் சோதனை இன்னும் ஆராய்ச்சிதான். கட்டியில் சிறு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் இன்றும் டாக்டர்கள் அந்த நோயை உறுதி செய்கிறார்கள்.